அளவு குறையாத கன்றுக்குட்டி

கோமதி டீச்சர் வீட்டுக் கொலுவில், நான்காவது படியில், என் கன்றுக்குட்டி படுத்திருந்தது.

என்னுடையதுதான். பெற்றவளுக்குத் தெரியாதா? முன்னங்கால்களை மடித்து, கழுத்தை முழுக்கத் திருப்பி, தன் முதுகைத் தானே நக்கிக்கொண்டிருக்கும் விரலளவுக் கன்று. வால் இடது தொடையில் ஒட்டியிருக்கும். வலது காது கழுத்தோடு அமுங்கியிருக்கும். விருத்தாசலத்தில் இப்படி ஒரு கன்றைச் செய்கிறவள் நான் ஒருத்திதான். சிக்கல் என்னவென்றால், டீச்சருக்கு நான் கன்று விற்றதே இல்லை.

ஒரு கையில் சுண்டல் கிண்ணம். டீச்சர் குங்குமச் சிமிழ் எடுக்க உள்ளே போயிருந்தார். கன்றைத் தூக்கிப் பார்க்கலாம் என்று இன்னொரு கையை நீட்டினேன்.

"ஐயோ, தொட்டுடாதீங்க செந்தாமரை! கலசம் வெச்சாச்சு. விஜயதசமி முடியிற வரைக்கும் ஒண்ணையும் அசைக்கக் கூடாது," என்று பூஜையறையிலிருந்து குரல் வந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் முழுக்க இழுக்கவில்லை. டீச்சர் வெற்றிலை அடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, ஆள்காட்டி விரலைக் கன்றின் பக்கத்தில் தொடாமல் பிடித்துப் பார்த்தேன். மூக்கு முனையிலிருந்து பின்பக்கம் வரை என் விரலின் இரண்டாவது ரேகை. சூளையிலிருந்து வரும் என் கன்றும் அதே இரண்டாவது ரேகைதான்.

"எங்க வாங்குனீங்க டீச்சர்?"

"கடலூர்ல. மருமக வாங்கியாந்தா. நல்லாருக்குதுல்ல? அசல் உங்க வேலை மாதிரியே இருக்குது."

மாதிரியேவாம். சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். டீச்சர் வைத்துக் கொடுத்த தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. திருடன் என் வீட்டுக்குள் இருக்கிறான்.

யானை தேய்ந்த கதை

அளவைப் பார்த்துத் திருடனை எப்படிச் சொல்வாய் என்று கேட்பீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் பீங்கான் தொழிற்பேட்டையில் குட்டிக் குட்டி மண் மிருகங்கள் செய்கிறவள் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் கையால் ஓர் உருவம் பிடிப்பேன். அதிலிருந்து பிளாஸ்டரில் ஓர் அச்சு எடுப்போம். அதற்கு மாஸ்டர் என்று பெயர். மாஸ்டரை வைத்துத்தான் தினமும் ஊற்றும் அச்சுகளை உண்டாக்குவோம். அந்த அச்சுகளில் பால் பதத்துக்குக் கரைத்த மண்ணை ஊற்றி, கட்டியதும் திறந்து, ஓரம் சுரண்டி, காயவைத்து, சூளைக்கு அனுப்புவோம். சுட்டு வந்த பிறகு பெயின்ட். ஊற்று அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். மாஸ்டர் இருந்தால் வேறு எடுத்துக்கொள்ளலாம். மாஸ்டர் போனால் தொழில் போயிற்று.

மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும். சூளையில் இன்னும் சுருங்கும். ஆகவே என் கன்றைக் கடையில் வாங்கி, அதன்மேல் அச்சு எடுத்து, ஒருவன் மண் ஊற்றினால், அவன் கன்று என் கன்றைவிட ஒரு சுற்று சின்னதாகத்தான் வரும். காப்பியடிக்கிறவனை அவனுடைய சரக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டையில் ஒரு யானை இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அம்பாரியோடு, முழங்கை உயரத்துக்கு, நகம் கூடத் தெரிகிற மாதிரி செய்தது. அதை இன்னொருவர் காப்பியடித்தார். அவருடையதை அடுத்த ஷெட்காரர் காப்பியடித்தார். இப்படிக் கைமாறிக் கைமாறி, இப்போது பஸ் ஸ்டாண்டு கடைகளில் அந்த யானை கொய்யாக்காய் அளவுக்கு வந்து நிற்கிறது. அம்பாரி மழுங்கி முதுகில் ஒரு வீக்கமாக இருக்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்று மற்ற ஊர்களில் பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதனால் பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள். சின்னதாக இருந்தால் வெளி ஆள். ஒரே அளவென்றால் மாஸ்டரே கைமாறியிருக்கிறது, அதாவது உள் ஆள்.

எங்கள் ஷெட்டில் உள் ஆட்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று என் வீட்டுக்காரர் ஏழுமலை. பெயின்ட் அடிக்க சீசனில் பெண்கள் வருவார்கள்தான். அவர்கள் வருமுன்பே மாஸ்டர்கள் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்துவிடும். சாவி ஒன்று என் இடுப்பில் இருக்கும். இன்னொன்று அவருடைய ஸ்கூட்டர் சாவியோடு கிடக்கும்.

நான் எடுக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பரம்பரை வியாதி

போன வாரம் பொதுச் சூளையில் பொம்மைகளை டிராலியில் ஏற்றும் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தானா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் தாயே. அது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது.

என் அப்பா இங்கே ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர். பெட்டிமேல் துணி என்று எழுதியிருந்தால் அது துணியில்லை என்றுதான் ஆரம்பிப்பார். தூக்கிப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். "கருவாடு," என்பார். பெரும்பாலும் கருவாடாகத்தான் இருக்கும். வீட்டிலும் அதே கதை. தேங்காய் வாங்கினால் கடைக்காரர் தட்டியது போதாது என்று தானும் தட்டிப் பார்ப்பார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஏழுமலையின் கையைப் பாசமாகப் பிடிப்பது போலப் பிடித்து, சடக்கென்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மண் வேலை செய்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். மண்ணில் கை வைக்கிறவனுக்குத் தோல் வறண்டு வெடித்திருக்க வேண்டும். வெடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் கேசரியும் பஜ்ஜியும் உள்ளேயிருந்து வந்தன.

அந்தக் கையைத்தான் நான் இப்போது சந்தேகப்பட்டேன்.

கன்றைப் பற்றிக் கொஞ்சம்

ஒரு பொம்மைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். அந்தக் கன்றுதான் எங்கள் வீட்டில் அடுப்பெரித்தது. சும்மா சொல்லவில்லை.

குட்டி மிருகம் செய்வதில் பெரிய தொல்லை அதன் கைகால்கள்தான். நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் உடையும். வால், காது, கொம்பு, எல்லாம் அச்சிலேயே முறியும். தப்பினால் சூளையில் முறியும். அங்கேயும் தப்பினால் வாங்கினவர் வீட்டுப் பிள்ளை முறிக்கும். எதுவும் நீட்டிக்கொண்டிருக்காத ஒரு மிருகம் வேண்டும் என்று ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கருவேப்பிலங்குறிச்சியில் என் நாத்தனார் தனலட்சுமி வீட்டுக்குப் போயிருந்தபோது, கொட்டகையில் ஒரு கன்று தன் முதுகை நக்கிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தது. காது, கால், வால் எல்லாம் உடம்போடு. அப்படியே ஓர் உருண்டை. அங்கேயே சோற்றுக் கையோடு உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தக் கன்று மூன்று சீசனுக்கும் ஓடியது. புரட்டாசியில் கழுத்தில் மாலை வரைந்து கொலுவுக்குப் போகும், கிருஷ்ணர் காலடியில் படுக்கும். மார்கழிக்கு முன் மாலையில்லாமல் வெறும் பழுப்பாகக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போகும், குழந்தை ஏசு பக்கத்தில் படுக்கும். தை பிறந்தால் நெற்றியில் குங்குமத்தோடு டி.வி. ஸ்டாண்டுகளில் படுக்கும். கன்று ஒன்றுதான். சாமி மட்டும் மாறும்.

அந்தக் கன்றின் வெற்றியைப் பார்த்துதான் புதுச்சேரிக்காரர் ஒருவர் இந்த வருஷக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முழு செட்டாகக் கேட்டிருந்தார். ஆடு, கழுதை, ஒட்டகம். நான் உருவம் பிடித்து, மாஸ்டரும் எடுத்து முடித்திருந்தேன். இனி ஏழுமலை ஊற்று அச்சுகள் எடுத்து வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பிளாஸ்டர் அச்சு காயாது. ஈர அச்சில் ஊற்றிய மண் கட்டாது, ஒட்டிக்கொள்ளும். கிறிஸ்துமஸ் போன பிறகு கழுதையை எவர் வாங்குவார்?

இந்த நிலையில்தான் டீச்சர் வீட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

கண்ணாடிமேல் ஒரு விரல்

சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே சாட்சிதான்.

"டீ குடிச்சிட்டு வரேன்" என்று போகிற மனிதர் ஒரு டீக்கு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார்? செல்போனை ஏன் குப்புற வைக்கிறார்? நல்லூரிலிருந்து என் தம்பி குமார் போன் செய்தால் மட்டும் ஏன் முகம் சுருங்குகிறது? மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம்?

எல்லாவற்றுக்கும் மேலே, நாத்தனார் தனலட்சுமியின் வீட்டுக்காரர் போன தையில்தான் சேத்தியாத்தோப்பில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் திறந்திருந்தார். வளையல், பொட்டு, கிஃப்ட் பொம்மை. அவருக்குச் சரக்கு வேண்டும். அண்ணன்காரரிடம் மாஸ்டர் இருக்கிறது. அங்கிருந்து கடலூர்க் கடைகளுக்கும் போயிருக்கும். கணக்கு எனக்கு நேராகிவிட்டது. கன்று பிறந்ததே அவள் கொட்டகையில்தான் என்று உரிமை வேறு கொண்டாடியிருப்பாள்.

ஏழுமலை குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தேன். தப்புதான். சந்தேகக்காரிக்கு அதெல்லாம் தெரியாமல் இல்லை.

பிள்ளையார் படங்கள், சிமென்ட் விலை, யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள். அதற்கெல்லாம் கீழே ஒரு போட்டோ. ஒரு கடையின் கண்ணாடி. உள்ளே, கண்ணாடியை ஒட்டி, என் கன்று. வெளியே கண்ணாடிமேல், கன்றுக்குப் பக்கத்தில் படுக்கை வசமாக ஓர் ஆள்காட்டி விரல். நகம் கறுத்திருந்தது. சூளை டிராலியில் நசுங்கிக் கறுத்த நகம். அந்த நகத்துக்கு மஞ்சள் அரைத்துக் கட்டினவள் நான்.

போட்டோ ஆடி மாசத்தில் எடுத்தது. எனக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னால்.

ஆக, சரக்கு கடையில் எப்படிப் போகிறது என்று போய்ப் பார்த்திருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்த இடத்தைப் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறது. போனைக் குப்புறவே வைத்துவிட்டுத் தோசை வார்க்கப் போனேன்.

அன்றைக்கே ஆடு, கழுதை, ஒட்டகம், கன்று, பெட்டியிலிருந்த நான்கு மாஸ்டர்களையும் பழைய புடவைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

"புதுச்சேரிக்காரரு போன் பண்ணாரு," என்றார் அவர் மறுநாள். "கழுதைய எப்ப ஊத்துறீங்கன்னு கேக்குறாரு."

"மூக்கு சரியா வரல. திருத்தணும்."

"நல்லாத்தான இருந்துச்சு?"

"உங்களுக்கு நல்லாருக்கும். எனக்கு இல்ல."

என்னை ஒரு பார்வை பார்த்தார். திருட்டுப் பார்வை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டார். "மூக்கு என்னா ஆச்சு?" என்றார். "வளருது," என்றேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. புழுக்கம் தாங்கவில்லை. ஷெட்டில் காலி மேஜைகள் காத்துக்கொண்டிருந்தன. என் பிடிவாதத்துக்கு முன்னால் மழையாவது, கிறிஸ்துமஸாவது.

பொட்டு வைக்கப் பெட்டியைத் திறந்தபோது

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ஆயுத பூஜை.

எங்கள் பேட்டையில் அன்றைக்கு எல்லா ஷெட்டும் கழுவி விடப்படும். மண் கரைக்கும் டிரம், சல்லடை, ஊற்றும் குவளை, சுரண்டும் கத்தி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில், பெட்டியைத் திறந்து மாஸ்டர்களை எடுத்துச் சாமிக்கு முன்னால் வரிசையாக வைத்துப் பொட்டு வைக்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மாஸ்டர்கள் பகலில் நாலு பேர் பார்க்க வெளியே வரும். பெட்டியைத் திறப்பது ஆம்பிளையின் வேலை. திறக்கட்டும். காலிப் பெட்டியைப் பார்க்கட்டும். திருடனிடமே திருட்டுப் போனால் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

பூசணிக்காய் தயார். ஊதுபத்தி புகைந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பூட்டைத் திறந்தார். நான் கற்பூரத் தட்டோடு பக்கவாட்டில் நின்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடி திறந்தது. உள்ளே நாலு துண்டுத் துணி மட்டும்.

கோபப்படுவார், அல்லது ஆச்சரியப்படுவதாக நடிப்பார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த மண் மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னாது?"

"கன்னு போனது போவட்டும்னு இருந்தேன். இப்ப கழுதை, ஒட்டகம் எல்லாத்தையும் குடுத்துட்டியா உன் தம்பிக்கு?"

"என் தம்பிக்கா? யோவ்!" கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் யோவ் என்றதில்லை. "உங்க தங்கச்சி வூட்டுக்காரரு கடைக்கு நீங்க குடுத்துட்டு, என் தம்பியச் சொல்றீங்களா?"

"நானா? நான் எப்ப குடுத்தேன்?"

"அப்ப போன்ல இருக்குற போட்டோ என்னா? கன்னு பக்கத்துல உங்க வெரல் இருக்குதே, அது என்னா?"

"அது நீ குடுத்ததுன்னு நெனச்சு எடுத்த போட்டோ!" எழுந்துவிட்டார். "கடலூரு போயிருந்தேன். மதியத்துக்குக் கடைய சாத்திட்டுச் சாப்டப் போயிட்டாங்க. கண்ணாடி வழியாப் பாக்குறேன், நம்ம கன்னு. அளந்து பாத்தேன். அதே அளவு. நான் எடுக்கல. அப்ப யாரு எடுத்திருப்பா? சித்திர மாசம் உன் தம்பி வந்தாரு, போவும்போது பை கனமாத் தூக்கிட்டுப் போனாரே!"

"அது பரங்கிக்காய்ங்க!"

கற்பூரம் என் கையில் எரிந்து முடிந்துபோயிருந்தது. பக்கத்து ஷெட்டில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

"அரிசி டிரம்முல இருக்குது," என்றேன்.

"எது?"

"கழுதை. எல்லாந்தான்."

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அளவு இன்னும் பாக்கியிருந்தது. ஒரே அளவென்றால் உள் ஆள். உள்ளே இருப்பது இரண்டே பேர். இருவரும் இல்லையென்று சாமிக்கு முன்னால் சொல்கிறோம். கடவுளே, இருவரும் மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே, அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

துள்ளிய கன்று

விஜயதசமி கழிந்து, கொலுவைக் கலைக்கிற காலையில் இருவரும் கோமதி டீச்சர் வீட்டில் போய் நின்றோம். டீச்சர் படிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பொம்மையாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கன்றை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அதுக்கென்னா, தாராளமா," என்று எட்டி எடுத்தார். எடுத்த வேகத்தில் கை நழுவியது.

எனக்கு வாயில் சத்தம் வருமுன்பே கன்று மொசைக் தரையில் விழுந்தது. விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, சோபாவுக்கு அடியில் ஓடிப்போனது.

"பயப்படாதீங்க, அது உடையாது," என்றார் டீச்சர். "கலசம் வெக்கிறதுக்கு முன்னாடியே எங்க பேத்தி ரெண்டு மூணு தடவ தள்ளிவுட்டுட்டா. ஒரு கீறல் இல்ல. உங்க பொம்மைங்கதான் தொட்டாலே காது போயிடுது. தப்பா எடுத்துக்காதீங்க."

மண் துள்ளாது. எத்தனை நல்ல மண்ணாக இருந்தாலும், எந்தச் சூளையில் வெந்தாலும் துள்ளாது. நானும் ஏழுமலையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டிக் கன்றை எடுத்தார். நகத்தால் தட்டினார். சுட்ட மண்ணுக்கு ஒரு கிண்ணென்ற குரல் உண்டு. இது டொக்கென்றது. அடியைத் திருப்பி, பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து, நாக்கை வைத்தார். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு போடாத சுட்ட மண் நாக்கில் ஒட்டும். பேட்டையில் எல்லோரும் அப்படித்தான் வேக்காடு பார்ப்போம். டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"ஒட்டல," என்றார் ஏழுமலை. "ரெசினு."

பிசின் மாதிரி ஒரு திரவம். ரப்பர் அச்சில் ஊற்றினால் தானாக இறுகிவிடும். சூளை வேண்டாம், நெருப்பு வேண்டாம். நெருப்பில்லாததால் சுருங்காது. யாரோ ஒருவன் ஏதோ ஒரு கடையில் என் கன்று ஒன்றை வாங்கியிருக்கிறான். அச்செடுத்திருக்கிறான். ஊற்றியிருக்கிறான். எங்கள் பெட்டியின் பக்கத்தில் கூட அவன் வரவில்லை.

ரெசின் என்ற ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். சாவிக்கொத்து முதல் சுவர்க்கடிகாரம் வரை எல்லாம் அதில் வருகிறது. போனைத் திறந்தால் யாராவது ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் என் கன்று என்று பார்த்தவுடன் அது மண் என்று முடிவு செய்துவிட்டோம். மண்ணென்றால் சுருங்க வேண்டும். சுருங்கவில்லையென்றால் கூட இருக்கிறவர் திருட வேண்டும். வேறு எந்த ஊர்ப் புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும், இது யாரோ காப்பியடித்தது என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

திருடனை இன்று வரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தாலும் என்ன செய்ய முடியும்? அவன் கன்று உடையாது. டீச்சரே அதைத்தான் மெச்சிக்கொள்கிறார்.

மண் கட்டும் வரை

நேராக வீட்டுக்குப் போய் டிரம்மைக் கிளறினோம். ஒட்டகத்தின் காதில் அரிசி இருந்தது. ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஏழுமலை வேலையை ஆரம்பித்தார். நல்லவேளை, அடுத்த சில நாட்கள் வெயில் ஏமாற்றவில்லை. ஊற்று அச்சுகள் காய்ந்ததும் முதல் கழுதையை ஊற்றினார்.

ஊற்றிவிட்டால் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சி, உட்சுவரில் மண் கட்ட வேண்டும். பிறகு மீதியைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். அந்த நேரத்தில் வேறு வேலை செய்ய முடியாது. அச்சுக்கு எதிரே இரண்டு பேரும் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஆடியிலேர்ந்தா என்னைய சந்தேகப்பட்டீங்க?"

"ம்."

நான் சந்தேகப்பட்டது நவராத்திரி நாட்கள் மட்டும்தான். அதற்குள் போனைத் திருடிப் பார்த்தேன், மாஸ்டரைப் புதைத்தேன், குத்திக் குத்திப் பேசினேன், கற்பூரத்துக்கு முன்னால் குற்றவாளியாக நிற்கவைத்தேன். அவர் ஆடியிலிருந்து. ஆவணி, புரட்டாசி முழுக்க இதே ஷெட்டில், இதே முக்காலியில், நான் பிடித்த உருவங்களுக்கு அச்செடுத்துக்கொண்டு, காலையில் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்துக்கொண்டு, என்னைத் திருடியென்றே நம்பிக்கொண்டு கூட இருந்திருக்கிறார். முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

கோபம் வந்தது. என்னைப் போய் அப்படி நினைத்துவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அதே நேரத்தில் அழுகையும் வந்தது.

"அந்தக் கடைக்குத் திரும்பப் போயி, யாருகிட்ட வாங்குனீங்கன்னு கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே?"

"போவல."

"ஏன்?"

"போனா உன் தம்பி பேரச் சொல்லிடுவாங்களோன்னுதான்."

"சரி, கடையில வேணாம். என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? குடுத்தியா இல்லியான்னு?"

ஏழுமலை அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்த நகத்தால் அதன் ஓரத்தில் வழிந்திருந்த மண்ணைச் சுரண்டினார்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லியிருந்தா?" என்றார். "அப்பறம் நான் எங்க போறது?"

கவிழ்க்க வேண்டிய நேரம் வந்தது, தாண்டியும் போனது. மண் உள்ளே முழுக்க இறுகிப்போய் அந்தக் கழுதை வீணாயிற்று. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.